பாயிண்ட் இயல்: பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுவது குறித்து ஒரு சிற்றாய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுவது மின்பொறியியல் சார்ந்த வேலை என்றொரு தவறான கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. அது பாகப்பிரிவினையின் ஒரு கிளை என்பதே இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுக்களம்: திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் இடையே உள்ள என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், தொட்டிக்கட்டு வீடு. ஆய்வுக்காலம்: புரட்டாசி தொடங்கி மார்கழிக் கடைசி வரை. ஆய்வுக் கருவிகள்: ஒரு டெஸ்டர், ஒரு துண்டு அடுப்புக்கரி.

முதலில் காலக்கணிப்பு. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அதன் காலடியில் புனல்மின் நிலையம் 1937இல் ஓடத் தொடங்கியது. மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. இத்தனை சுத்தமாகத் தேதி கிடைக்கிற ஒரு துறையில், எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த தேதி மட்டும் "அப்புச்சி மொதோ லாரி எடுத்த வருசம்" என்றுதான் கிடைக்கிறது. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. லாரி எடுத்தது எந்த வருடம் என்று கேட்டால், "ஊட்டுக்குக் கரண்டு வந்துதே, அந்த வருசம்" என்கிறார்கள். இதைவிடக் குழப்பமான சான்றுகளை வைத்துக்கொண்டு கல்வெட்டு அறிஞர்கள் அரச வம்சங்களையே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்பதால் நான் மனம் தளரவில்லை.

சுவர் பேசும். சுண்ணாம்பைச் சுரண்டினால் யுகங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். ஆதியில் கேசிங் யுகம்: தேக்குச் சட்டத்தில் காடி எடுத்து, கம்பியைப் படுக்கவைத்து, மேலே மூடிப்பலகை அறைந்தது. மூட்டைப்பூச்சிகளின் பொற்காலமும் அதுவே. அடுத்தது ரீப்பர் யுகம்: நீள ரீப்பரில் தகரக் கிளிப் அடித்து, ரப்பர் உறை போட்ட வயரை அதில் ஓட்டியது. பிறகு பிவிசி பைப் யுகம். கடைசியாக, இன்று வரை நீடிக்கிற டேப் யுகம். இதில் புது வயர் எதுவும் வாங்கப்படுவதில்லை. இருக்கிறதை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த "இப்போதைக்கு" இருபத்திரண்டு வருடங்கள் நீடித்தது.

எலக்ட்ரீஷியன் தம்பி ஆசாரம் எனப்படும் கூடத்தின் சுவிட்ச் போர்டைக் கழற்றி, உள்ளே இருந்த வயரை லேசாக மடக்கினார். ரப்பர் உறை தீபாவளி முறுக்குபோலப் பொடிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. நடுவில் பச்சை பூத்த செம்பு.

"இது வயருங்களாண்ணா? வயரோட அஸ்திங்க."

நிறக் கொள்கையிலும் எங்கள் வீடு தனிவழி. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் வழக்கமாக சிவப்பு கரண்ட் வருகிற லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கறுப்பும் சிவப்புமாக ஓடியதால் அப்புச்சி எந்தக் கட்சி என்று முடிவுகட்ட வேண்டாம். அன்றைக்குக் கடையில் இருந்தது அதுதான். ஆனால் மாடிப்படி ஓரம் சிவப்பு தீர்ந்துபோன இடத்தில் யாரோ ஒரு முன்னோர் பச்சையில் லைன் கொடுத்திருந்தார். பச்சையை எர்த் என்று நம்பித் தொடுகிற அடுத்த தலைமுறைக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து அது.

இனிக் கணக்கு. அப்புச்சி காலத்தில் 40 வாட் குண்டு பல்பு மூன்று, ஒரு சீலிங் ஃபேன், ஒரு ரேடியோ. மொத்தமே ஏறக்குறைய 200 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஒரு ஆம்பியர்கூட வராது. இன்றைக்கு ஏசி 1500, ஹீட்டர் 2000, அயர்ன் பாக்ஸ் 1000, மிக்சி 750, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 26 ஆம்பியர். கம்பியில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அஸ்தியான உறைக்குள் அந்தச் சூடு என்ன செய்யும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஆகவே விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4 என்று எழுதிக்கொண்டோம். கடைக்காரப் பெரியவர் மட்டும் இன்னும் "மூணு இருபது குடுக்கட்டுங்களா?" என்கிறார். இருபது கேஜ் இழை மூன்று. ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். பிரிட்டிஷார் போனாலும் அவர்கள் கேஜ் போகவில்லை.

ஃபியூஸ் கட்டையைப் பற்றி ஒரு கிளைக்குறிப்பு. பீங்கான் கட்டைக்குள் இருக்க வேண்டியது, ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. வீட்டைக் காக்கத் தன் உயிரைக் கொடுப்பதே அதன் தொழில். பெரிய மாமா இந்தத் தியாகத்தை விரும்பவில்லை. பீஸ் போகப் போக ஒரு இழை, இரண்டு இழை, நான்கு இழை என்று கட்டிக்கொண்டே வந்து, இறுதியில் கொடிக்கம்பியில் மீந்ததைக் கட்டினார். "பத்து வருசமா நம்மூட்ல பீஸு போனதே இல்ல" என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். வீடு எரியாமல் இருந்ததற்கு அம்மாயியின் வெள்ளிக்கிழமை விரதமே காரணம் என்பது என் துணிபு.

இப்போது மையச் சிக்கலான பாயிண்டுக்கு வருவோம். யூக்ளிடின் புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. எலக்ட்ரீஷியனின் பாயிண்டுக்கு சுவிட்ச் உண்டு, வயர் உண்டு, கூலி உண்டு. கூலி பாயிண்ட் கணக்கில்தான் என்பதால், ஒரு பாயிண்டைக் கேட்பவர் அந்த அறையில் தனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்கிறார். வேண்டாம் என்பவர் செலவில் பங்கு தரமாட்டேன் என்கிறார். பெரிய மாமா கேட்டது ஏசி பாயிண்ட். சின்ன மாமா கேட்டது, அதே அறையில், எதிர்ச்சுவரில், ஏசி பாயிண்ட். பெங்களூரில் இருக்கும் சித்தி, வருடத்துக்கு நான்கு நாள் வந்து போகிறவர், கட்டிலுக்கு இரு பக்கமும் சார்ஜர் பாயிண்ட் வேண்டும் என்று போனில் சொன்னார். எந்தக் கட்டில் என்று கேட்டதும் அரைமணி நேரம் பேச்சே இல்லை.

அம்மாயி ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு அந்தக் குண்டு சுவிச்சு அதே எடத்துல இருக்கட்டும் கண்ணு. இருட்டுல கை அங்கதான் போவும்."

"வெச்சுறலாங்க ஆயா. புதுசு வெச்சாலும் அதே ஒசரத்துல வெச்சுத் தாரேன்" என்றார் தம்பி. ஆய்வுக்காலம் முழுவதிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிய தீர்மானம் இதுதான்.

பாதிச் செலவில் முடிக்க விரும்பிய பெரிய மாமா, முன்கட்டுக்கு மட்டும் புது வயரிங், பின்கட்டுக்குப் பழசே போதும் என்றார். இதை நான் சட்டரீதியாக எதிர்கொண்டேன். இந்தப் பக்கத்தில் முன்பு மின்விநியோகம் செய்த சேலம் ஈரோடு மின்விநியோகக் கம்பெனி, பழைய ஊழியருக்கு ஒரு விடுப்பு விதி, புதிதாகச் சேருவோருக்கு வேறொரு விதி என்று வைத்துக்கொள்ள முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே நிறுவனத்தில் ஒரே வகை ஊழியருக்கு இரண்டு நிலையாணைகள் கூடாது என்று தீர்ப்பானது. 1966ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது. ஒரே மெயின் போர்டின் கீழ் இரண்டு வயரிங்கும் அவ்வாறே கூடாது என்றேன். மாமா வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனார்.

ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் எதற்கு என்று சின்ன மாமா கேட்டபோது தம்பி கொடுத்த விளக்கம் பாடநூலில் ஏற வேண்டியது. "மொய் நோட்டு மாதிரிங்க. லைன்ல எவ்ளோ போச்சோ, நியூட்ரல்ல அவ்ளோ திரும்பி வரோணும். முப்பது மில்லி ஆம்பியர் கொறஞ்சாலும், நடுவுல யாரு ஒடம்பு வழியாவோ பூமிக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். ஒறவையே வெட்டி உட்டுரும்." எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உடனே ஒப்புக்கொண்டார்கள்.

எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் பைப், சுற்றிலும் கரியும் உப்பும். ஆயிரம் அடிக்குத் துளை போடுகிற போர்வெல் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிற திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலேயே, ஆறடியில் பாறை தட்டிவிட்டது. நான்கு முழம் தள்ளி, துளசி மாடத்தை ஒட்டித் தோண்டினோம். கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது, தண்ணீர் ஊற்ற வேண்டும். துளசிக்கு ஊற்றுகிற சொம்பிலேயே அதற்கும் ஊற்றுவதாக அம்மாயி ஏற்றுக்கொண்டார்.

திட்டத்தைத் தாளில் வரையலாமா என்று தம்பி கேட்டார். நான் மறுத்தேன். சுவர்தான் மூலப்பிரதி, தாள் வெறும் படி. அதனால் கரித்துண்டால் சுவரிலேயே வரைந்தோம். ஏசிக்குப் பெட்டி, பிளக்குக்கு வட்டம், விளக்குக்குப் பெருக்கல் குறி. வயர் செல்லும் வழி போர்டிலிருந்து நேர் மேலே. குறுக்கே சாய்த்து இழுக்கக் கூடாது, நாளைக்கு யாராவது முருகன் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். மார்கழி இருபத்தைந்தாம் தேதி, மூன்று மாதப் பேச்சுக்குப் பிறகு, மூன்று குடும்பமும் சுவரின் முன் நின்று ஒப்புக்கொண்டன. மொத்தம் 58 பாயிண்ட். ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

பொங்கல் கழித்துத் தம்பி கட்டர் மெஷினும் ஸ்பிரிங்குமாக வந்து இறங்கினார். ஆசாரத்துக்குள் நுழைந்து நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளை.

"பிளான் எங்கங்ணா?"

"பொங்கலுக்கு வெள்ளை அடிக்காம உடுவாங்களா கண்ணு?" என்றார் அம்மாயி, காப்பி டம்ளரை நீட்டியபடி. "செவுரெல்லாம் யாரோ கரியாக் கிறுக்கி வெச்சிருந்தாங்க."