காற்றுக்கு விலை கேட்கிறார்கள் சித்தப்பா

ரெஜைனா, கனடா
அக்டோபர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

புது வீட்டுக்கு நிலை வைத்தாயிற்று, காற்று நன்றாக வரட்டும் என்று மேற்கே ரெண்டு ஜன்னல் கூடுதலாக விட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. நம் ஊரில் ராமக்கல்மேட்டு மலையிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்றுக்கே நாம் தூசிக்குப் பயந்து ஜன்னலை ஒருக்களித்து வைப்பதோடு சரி. இங்கே அக்டோபர் பிறந்தால் ஊரே கதவு, ஜன்னல் ஓரங்களைத் தடவிக்கொண்டு நிற்கிறது.

எந்த இடுக்கில் காற்று நுழைகிறது என்று கண்டுபிடிக்க இவர்கள் வைத்திருக்கும் கருவி என்ன தெரியுமா? ஊதுபத்தி! நிஜமாகத்தான். காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, அடுப்படியிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, ஜன்னல் சட்டத்தை ஒட்டிப் பத்தியைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். புகை நேராக எழும்பினால் சரி. உள்பக்கம் சாய்ந்து அலைந்தால் அங்கே ஓட்டை. போன சனிக்கிழமை உங்கள் மருமகள் மல்லிகைப் பத்தியோடு முன்னே போக, நான் டேப்போடு பின்னே போனேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஏதோ பண்டிகை என்று வாழ்த்துச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் ஜன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள். சட்டத்தைச் சுற்றி ஒட்டி, தலைமுடி உலர்த்துகிற டிரையரால் சூடு காட்டினால் தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். இனி ஏப்ரல் வரை அந்த ஜன்னலைத் திறக்கிற பேச்சே இல்லை.

ஒரேயடியாக ஜன்னலையே மாற்றலாமா என்று விலை கேட்டேன். மூன்று கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு. நாம் இழுத்துவிடும் மூச்சிலேயே நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய ஆர்கான் உண்டு. காற்றை விட மெதுவாகச் சூட்டைக் கடத்துவதால் அதைத் தனியே பிரித்து அடைத்து விற்கிறார்கள். கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு வேறு. அறையின் வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்புமாம். வெள்ளி என்றதும் சித்தி ஆசைப்பட வேண்டாம், மொத்த வீட்டையும் சுரண்டினாலும் ஒரு கொலுசுக்குத் தேறாது.

கதவைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். தேக்கும் இல்லை, வேங்கையும் இல்லை. ரெண்டு பக்கம் தகடு, நடுவில் நுரை. ஆனால் குளிரைத் தடுப்பதில் உங்கள் ஒன்றரை அங்குலத் தேக்கு இதன் பக்கத்தில் நிற்காது. நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை. ஒரு ரூபாய் நோட்டை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். மைனஸ் 30 வரும்போது பழைய கதவுகளில் கைப்பிடித் திருகாணியின் மேல், வீட்டுக்கு உள்பக்கமே, வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். தொட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

இந்தப் பைத்தியத்துக்கு எங்கள் ஊர்தான் தாய்வீடு. 1977-இல் இதே ரெஜைனாவில் ஹரால்ட் ஓர் என்ற பொறியாளரும் கூட்டாளிகளும் சேர்ந்து, கணப்பு உலையே இல்லாமல் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். கனத்த சுவர், காற்றுப் புகாமல் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள், ராத்திரியில் ஜன்னலை மூட வெப்பம் காக்கும் பலகை. பின்னால் ஜெர்மனியில் 1991-இல் பேர் வாங்கிய ‘பாசிவ் ஹவுஸ்’ வீட்டுக்கு இதுவும் ஒரு முன்னோடி.

அங்கேதான் கூத்து. இப்படி இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிறவன் மூச்சுக்கு எங்கே போவான்? சாம்பார் கொதித்த ஈரம் கண்ணாடியில் வழிகிறது. அதற்கு ஒரு மெஷின். அழுக்குக் காற்றை வெளியே தள்ளும்போதே அதன் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் புதுக் காற்றுக்கு ஏற்றி அனுப்பும். அந்த 1977 வீட்டிலேயே அப்படி ஒன்று இருந்தது. ஆக, காற்று வராமல் அடைக்க ஒரு செலவு, அதே காற்றை உள்ளே கூப்பிட இன்னொரு செலவு.

நீங்கள் மேற்கு ஜன்னலைக் குறைக்க வேண்டாம், கொசுவலை மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்கு மெஷின்காரர் வருகிறார். காற்றுக்கு எவ்வளவு கேட்டார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்