பல்வலியைப் பக்குவமாக வளர்ப்பது எப்படி?

கடவாய்ப்பல் சுண்டி இழுக்கிறதா? நல்லது. பருத்தி விதை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி, போன வருஷம் யார் காட்டில் எப்படிக் காய்த்தது என்று விசாரித்த பிறகுதான் மடியை அவிழ்ப்பீர்கள். அந்தப் புத்தியை வாய்க்குள் மட்டும் நுழையவிடாதீர்கள்.

1. முதலில் பஸ் ஏறுங்கள். ஆயிரக்கணக்கான வாய்களில் சோதித்த முடிவுகளைத் திரட்டி எடைபோட 1993 முதல் காக்ரேன் என்றொரு அமைப்பு இருக்கிறது. இருக்கட்டும். கழுகுமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அண்ணாச்சி சொல்லும் கதை ஒன்று போதும். நடந்தது அவருடைய சொந்த மச்சினருக்கு!

2. குச்சி ஒடியுங்கள். ஆலும் வேலும்தானே முன்னோர் சொன்னது? கரிசலில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது சீமைக் கருவேலம். பெயரில் வேல் இருக்கிறது, போதாதா? ஃபுளோரைடு பற்பசை சொத்தையை ஏறக்குறைய கால்பங்கு குறைப்பதாக, 42,000 பிள்ளைகளுக்கு மேல் பார்த்துவிட்டு 2003-இல் காக்ரேன் சொன்னது. அவை ஊரான் வீட்டுப் பிள்ளைகள்.

3. கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கைவிடாதீர்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். 'வெல்லம்தானே, சீனியா?' என்று கேட்டபடி வலிக்காத பக்கம் மெல்லுங்கள். பல்லிடுக்குக் கிருமி இரண்டையும் அமிலமாக்கும், நிறம் பார்க்காது. அந்தப் பக்கமும் சீக்கிரம் துணைக்கு வரும்.

4. பூச்சி எடுங்கள். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்ததும் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதக்கும்; பரவசப்படுங்கள். வலியே இல்லாத ஆளுக்கும் அதே புகையைப் பிடித்தால் அதே பூச்சி மிதக்குமா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். பிரான்சில் பியர் ஃபோஷார் நுண்ணோக்கி வைத்துத் தேடியும் பல்லில் புழு கிடைக்கவில்லை என்று 1728-இல் எழுதினார். பாவம், அவருக்குக் கண்டங்கத்திரி கிடைத்திருக்காது.

5. மெடிக்கலில் 'பல்வலிக்கு ஒரு செட்' என்று கேளுங்கள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, கேப்சூல் ஒன்று; பெயர் கேட்பது மரியாதையில்லை. பல்லுக்குள் நரம்பு வெந்து வலிக்கும் வலியை ஆன்டிபயாடிக் தணிக்காது, பல்லில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டியது. வலி சற்று அடங்கியதும் மிச்ச கேப்சூலை டிவி மேல் பத்திரப்படுத்துங்கள். மருமகளுக்கு ஆகும்.

6. டாக்டரிடம் போய்த்தான் தீர வேண்டுமென்றால் சொத்தை எவ்வளவு ஆழம் என்று கேட்காதீர்கள். எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். எக்ஸ்ரே என்றால் எழுந்துவிடுங்கள்.

7. மேல்பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கவே கூடாது. கண் போய்விடும். மேல்பல்லுக்குப் போவது ஐந்தாம் மூளை நரம்பின் கிளை, பார்வைக்கு இரண்டாம் நரம்பு, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டுவார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பார்வை மிச்சம்.

8. கன்னம் பணியாரமாக வீங்கும் வரை பொறுங்கள். வாய் திறக்காமல், எச்சில் இறங்காமல் போனால் மஞ்சள் பற்றுப் போட்டு விடியட்டும் என்று இருங்கள். நள்ளிரவில் 108 வந்து ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். சீழைக் கீறி எடுத்து, பல்லைப் பிடுங்கி, உயிரோடு அனுப்பிவிடுவார்கள்.

9. திரும்புகாலில் ஜன்னலோர சீட்டாகப் பிடியுங்கள். கயத்தாறு தாண்டுவதற்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பியுங்கள்: "அண்ணாச்சி, பல் டாக்டர்ட்ட மட்டும் போயிராதீக. எனக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க..."