வெள்ளரிப் பாத்தியில் ஒரு பிணம்

கிராமத்துக் கொலையைத் துப்பறிய 11 வயதுச் சிறுமியே போதுமென்றால், போலீஸ் எதற்கு?

தவறான ஆளைக் கைது செய்வதற்கு! ஆலன் பிராட்லியின் 'தி ஸ்வீட்னஸ் அட் தி பாட்டம் ஆஃப் தி பை' (2009) என்ற நாவலில், 1950-ஆம் வருஷத்து இங்கிலாந்துக் கிராமமொன்றில், அலகில் தபால் தலை குத்திய உள்ளான் பறவையொன்று அடுக்களை வாசலில் செத்துக் கிடக்க, அதையடுத்து வெள்ளரிப் பாத்தியில் அந்நியன் ஒருவன் உயிர்விட, அதிகாரிகள் சிறுமி ஃபிளேவியாவின் தகப்பனாரையே கொண்டுபோய் அடைக்கிறார்கள். மகளோ சைக்கிளேறி விசாரணைக்குப் புறப்படுகிறாள். குழந்தைதானே என்று பெரியவர்கள் காட்டும் அலட்சியமே அவளுக்கு மூலதனம்.

அந்தக் கிராமத்தில் ஆசிரியர் எத்தனை வருஷம் வாசம் செய்தார்?

ஒரு நாள்கூட இல்லை, ஊரே கற்பனை. அதுமட்டுமா? கனடா தேசத்தவரான அவர், எழுபதை நெருங்கும் பிராயத்தில், இந்நாவலின் சில பக்கங்களையும் கதைச் சுருக்கத்தையும் அனுப்பி, 2007-ல் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் 'டெபியூ டாகர்' பரிசை வென்று, அதைப் பெறப் போனபோதுதான் இங்கிலாந்து மண்ணை முதன்முதலாக மிதித்தார்.

இந்த நாவலைக் குழந்தைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

ரசாயன சாஸ்திரத்தில் ஞானமும் தமக்கையிடத்தில் விரோதமும் ஒருங்கே வாய்த்த ஃபிளேவியா, 'பாய்சன் ஐவி' என்ற விஷக்கொடியின் சாரத்தை இறக்கி அக்காளின் உதட்டுச் சாயத்தில் கலந்துவிட்டு, பலனை எதிர்பார்த்துக் காத்திருப்பவள். தாராளமாகக் கொடுங்கள், உதட்டுச் சாயத்தை மாத்திரம் பூட்டி வைத்துவிட்டுக் கொடுங்கள்.