6 மணி நேரத்துக்குள் போகும் கிருமிக்கு விலக்கு உண்டா?

இந்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறைக்கு, தென்பெண்ணைக் கரை மூங்கில்துறைப்பட்டுச் செம்மறிகளின் சார்பில் வணக்கம்.

1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளுக்கு முதலில் நன்றி. வண்டித் தரையில் 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் பரப்பச் சொல்கிறீர்கள். நாலரை, ஐந்து டன் லாரியில் 40 ஆட்டுக்கு மேல் ஏற்றாதே என்கிறீர்கள். கம்பளி ஆட்டுக்கு இவ்வளவு இடம், கம்பளி கத்தரித்த ஆட்டுக்கு இவ்வளவு என்று சதுர மீட்டரில் அளந்தும் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து மெட்ராஸ் ரெட் ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, வெறும் மயிர்தான். வெள்ளாட்டையும் கம்பளி ஆட்டுக் கணக்கிலேயே சேர்த்துவிட்டீர்கள்; அதற்கு ஒரே பெருமை. எங்கள் சந்தேகமெல்லாம் சுகாதாரச் சான்றிதழைப் பற்றித்தான்.

தொற்றுநோய் இல்லை, பயணத்துக்குத் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் எழுதித் தரும் தாள் ஒவ்வொரு லோடோடும் போக வேண்டும். ஆனால் பயணம் 6 மணி நேரத்தைத் தாண்டினால்தான் இந்த விதி. மூங்கில்துறைப்பட்டில் ஏற்றிய ஆட்டைத் திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக 6 மணி நேரத்துக்குள் பெங்களூரில் இறக்கிவிடலாம். புதுச்சேரி அதைவிடப் பக்கம். ஆக, மாநில எல்லை தாண்டும் ஆட்டுக்கு இந்த விதிப்படி தாள் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே நாகர்கோவில் போகும் ஆட்டுக்கு வேண்டும். விதி மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, நோயைத் தடுப்பது அதன் வேலையல்ல என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் சான்றிதழில் தொற்றுநோய்க்கு என்ன வேலை?

நோயைப் பற்றிப் பேச எங்கள் வட்டாரத்துக்கு உரிமை உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், அரசூரில். இன்று அது விழுப்புரம் மாவட்டம், நாங்கள் கள்ளக்குறிச்சி. அன்று எல்லாம் ஒரே தென்னாற்காடு. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ‘அரசூர் 87’ கிருமியிலிருந்தே தடுப்பூசியும் பிறந்தது. கிருமி உள்ளே போய், பெரும்பாலும் 4 முதல் 6 நாள் கழித்துத்தான் காய்ச்சல், மூக்குச் சளி, வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் வெளியே தெரியும். அறிகுறி தெரிவதற்கு முன்பே ஆடு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நேற்றுச் சந்தையில் ஒட்டிக்கொண்டதை இன்று காலையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விதி மணிக்கணக்குப் பார்க்கிறது, கிருமி நாள்கணக்கில் வேலை செய்கிறது.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்றா சொல்கிறோம்? கழியும் ஆட்டை இறக்கிவிட அது வேண்டும்தான். ஆனால் ஒரு தடுப்பூசி மூன்று ஆண்டு காக்கும்போது, கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘ஊசி போட்டதா?’ என்பதுதானே? 2009-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் தடுப்பூசிச் சான்றும் அடையாளமும் உண்டு. ஆனால் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த பிறகுதான் அவை உயிர்பெறும். பத்து ஊர் ஆட்டைச் சந்தையில் சேர்த்து வாங்கும் வியாபாரி எந்த ஆட்டுக்கு ஊசி போட்டது என்று எங்கே தேடுவார் என்று கேட்கலாம். காதில் வில்லை இருந்தால் தேட வேண்டியதில்லை; எண்ணைப் பார்த்தால் போதும். வில்லைக்கும் ஊசிக்கும் ஆகும் செலவை வியாபாரி தலையில் கட்டாமல் இருந்தால் சரி. 2030-க்குள் உலகத்திலிருந்தே இந்த நோயை ஒழிப்பதாகக் கெடு வைத்திருக்கிறார்கள். அவசரம் எங்களுடையது மட்டுமல்ல.

அதுவரை ஒரே ஒரு விளக்கம் தேவை. ஊத்தங்கரையில் டிரைவர் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினால், அந்த அரை மணி நேரமும் 6 மணிக் கணக்கில் சேருமா?

இப்படிக்கு,
சான்றிதழ் தேவைப்படாத தூரத்தில் வசிக்கும் செம்மறிகள்,
மூங்கில்துறைப்பட்டு.