இல்லாத நாட்களின் கணக்கு

இலங்கையில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பவர் தாம் நாட்டில் இல்லாத நாட்களுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்குக்கு இரண்டு வாய்ப்பாடுகள் உண்டு. ஒன்று 1949 இல் வந்தது. கொழும்பில், கொட்டாஞ்சேனையின் பழைய குடும்பங்களுக்கு அது மனப்பாடம். மற்றது 1987 இல் வந்தது. வெள்ளவத்தையில், கனடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் தங்கும் மாடிவீடுகளில், பின்னேரத் தேத்தண்ணியோடு அது விளக்கப்படுகிறது. முதல் வாய்ப்பாட்டில் பன்னிரண்டு மாதம் மன்னிக்க முடியாத நீண்ட காலம். இரண்டாவதில் முப்பது வருடம் கண் மூடித் திறக்கும் நேரம்.

சுதந்திரம் கிடைத்த வருடமே நிறைவேறிய 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பரம்பரைப் பிரஜை என்பதற்கு வரைவிலக்கணம் தந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பூட்டனார் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு என்ற வழக்கமே சரியாகப் பிறந்திருக்கவில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் இந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றார்கள்.

அவர்களுக்கென்று அடுத்த வருடம் வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1 க்கு முன், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். (கலியாணம் செய்தவருக்கு மூன்று வருடக் கழிவு ஏன் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.) ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த வசிப்பு அறுந்துபோகும். மனைவி பிள்ளைகளின் வசிப்பும் இப்படியே சோதிக்கப்பட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதைத் தமிழர் மங்கல காரியம் என்று நினைத்தார்கள். சட்டம் அதைப் பிரயாணம் என்று பதிந்தது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாழ்க்கையின் ஒழுங்கே இப்படிப் போய்வருவதில்தான் இருந்தது. செட்டியார் தெருக் கிட்டங்கிகளுக்கு வந்த நகரத்தார் மேலாட்களுக்கு வேலை மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்ததும் பேரேட்டை ஒப்படைத்துவிட்டுச் செட்டிநாட்டுக்குப் போவார்கள். கொஞ்ச காலம் வீட்டையும் கோவிலையும் பார்த்துக்கொண்டு, அடுத்த கணக்குக்குத் திரும்புவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் ஜிந்துப்பிட்டியில் கடை வைத்தவரும் போற்மெயில் ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்கும் போனார்கள். தங்கைக்குக் கலியாணம், தகப்பனுக்குத் திவசம், காணித் தகராறு. தையில் வைத்த கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போகலாம். காணித் தகராறு என்றால் எந்த ஆவணி என்பதைக் கடவுள்கூடச் சொல்ல முடியாது. பன்னிரண்டு மாதம் என்ற எல்லை, ஊரில் வழக்கு நடத்திப் பார்த்த எவரும் போட்ட எல்லையாகத் தெரியவில்லை.

யுத்தம் வேறு குறுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்த இந்தியர் பலர் கிடைத்த வண்டியில் ஊருக்கு ஓடினார்கள். ஓடியவர் வருடம் கழித்துத் திரும்பியிருந்தால் அவருடைய கணக்கு அதோடு சிக்கலானது. வேலைத்தலத்திலேயே படுத்திருந்தவருக்குச் சிக்கல் இல்லை. ஆக, குண்டு விழும்போது நகராமல் இருப்பதும் பிரஜாவுரிமைத் தகைமைகளில் ஒன்றாயிற்று. படிவத்தில் மட்டும் அதற்குத் தனி நிரல் கிடையாது.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தை முதலில் பகிஷ்கரித்து, பிறகு கடைசிக் கட்டத்தில் விண்ணப்பிக்கச் சொன்னது. இரண்டு வருடத் தவணை 1951 ஆகஸ்ட் 5 இல் முடிந்தபோது எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. பத்து வருடத்துக்கு மேல் பரிசீலித்துக் கொடுத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மிச்சப்பேரை 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பார்ப்போம் என்று 150,000. பத்து வருடம் கழித்து அந்தப் ‘பிறகு பார்ப்போ’மும் ஆளுக்குப் பாதியாயிற்று. கடைசி முடிச்சு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தில்தான் அவிழ்ந்தது. அதற்கும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும், அல்லது அப்படி வசித்தவரின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும்.

வெள்ளவத்தையின் வாய்ப்பாடு வேறு. பிரஜாவுரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின்படி, பரம்பரைப் பிரஜை ஒருவர் விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். ரொறன்ரோவில் கையுயர்த்திச் சத்தியம் செய்யும் கணத்தில் போகிறது. போனதைப் பலர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, எந்த வரிசையில் நிற்பது என்று யோசிக்கும்போதுதான் உணர்கிறார்கள். 1987 இன் 45 ஆம் இலக்கத் திருத்தம் இதற்குப் பரிகாரம் தந்தது. இழந்தவர் 19(2) இன் கீழ் மீளப் பெறலாம். இழக்கப்போகிறவர் 19(3) இன் கீழ் முன்கூட்டியே காப்பாற்றிக்கொள்ளலாம். இந்த வழியை 2011 இல் நிறுத்தி, 2015 இல் திரும்பத் திறந்தார்கள்.

விண்ணப்பிப்பவருக்கு இரட்டைப் பிரஜாவுரிமை கொடுப்பது இலங்கைக்கு நன்மை பயக்கும் என்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும். இது சட்டத்தில் உள்ள சொல். நன்மையை அளக்கக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் சில படிகள் வைத்திருக்கிறது. வயது 55 ஐத் தாண்டியிருக்கலாம். கல்வி அல்லது தொழில் தகைமை இருக்கலாம். 25 லட்சம் ரூபா பெறுமதியான அசையாச் சொத்து இருக்கலாம். அல்லது அதே தொகையை மூன்று வருடத்துக்கு வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கலாம். செட்டியார் தெருவில் மனிதர் மூன்று வருடம் இருந்தார். இங்கே அவருடைய காசு மூன்று வருடம் இருந்தால் போதும். ஐம்பத்தைந்து வயது எப்படி நாட்டுக்கு நன்மை என்பதைச் சட்டம் விளக்கவில்லை. மூட்டுவலியோடு காலி வீதியைக் கடக்க நிற்கும் ஒருவரைப் பார்த்தால் நன்மை உடனே புலப்படாது. ஆனாலும் வீட்டில் எவரும் மெச்சாத வயதை ஒரு அரசாங்கம் தகைமையாக ஏற்றுக்கொள்கிறது என்பதில் விண்ணப்பதாரருக்கு ஒரு பெருமிதம்.

தகைமை சுலபம், பெயர்தான் கரைச்சல். யாழ்ப்பாணத்துப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. செல்லத்துரையின் மகன் கணேசன் என்றால் செ. கணேசன், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படிவம் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டபோது அவர் தகப்பனைக் கொடுத்தார். அன்று முதல் வங்கியிலும் பல் வைத்தியரிடமும் அவர் மிஸ்டர் செல்லத்துரை. முப்பது வருடம் தகப்பனாக வாழ்ந்து முடித்தவர், திணைக்களத்தில் தாம் மகன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மனைவியும் மாமனாரின் பெயரில் மிஸிஸ் ஆகியிருக்கிறார். கலியாணச் சான்றிதழில் அவர் தன் சொந்தத் தகப்பனின் மகளாக நிற்கிறார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பதிவுகாரரின் பேனை கணேசனைக் ‘கணேசு’ என்று முடித்திருந்தால், கணேசனுக்குள் மூன்றாவது ஆள் ஒருவரும் சேர்கிறார். இந்த மூவரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்க ஒரு சமாதான நீதவான் வேண்டும். “தம்பி, இதில எது நீங்கள்?” என்று அவர் கண்ணாடியைத் தூக்கிக் கேட்பது கேலிக்காக அல்ல, முத்திரை குத்த அவருக்கு அது தெரிய வேண்டும்.

பத்திரங்கள் சேர்ந்ததும் பத்தரமுல்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கே ‘சுகுருபாய’ கட்டடத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து போகிறவர் கொள்ளுப்பிட்டியில் 177 ஆம் இலக்க பஸ்ஸுக்கு மாற வேண்டும். டொலரில் சம்பளம் எடுத்தவரும் முச்சக்கரவண்டிக் கட்டணத்தைக் கேட்டபின் பெரும்பாலும் பஸ்தான். தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி, வசிக்கும் நாட்டின் பொலிஸ் நற்சான்று, புகைப்படம். பிறந்த இடம் ‘சிலோன்’ என்று இருந்தால் பதற வேண்டியதில்லை. 1972 மே 22 வரை நாட்டுக்கே அதுதான் பெயர். பெயர் மாற்றியதற்கு நாட்டிடம் எவரும் சத்தியக் கடதாசி கேட்கவில்லை.

முடிவு வரும்வரை விண்ணப்பதாரர் சுற்றுலாப் பயணி. வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் தாய் இருக்கும் வீட்டுக்கு முப்பது நாள் விசாவில் வருகிறார். அம்மா அவருக்குக் குத்தரிசிச் சோறு போடும்போது சட்டப்படி அது விருந்தோம்பல் துறை. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்த 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் மாடிவீடு வாங்கலாம், ஆனால் நாலாம் மாடியும் அதற்கு மேலும்தான் என்றது. கீழ்மாடிகள் அப்போது நாட்டவருக்கு. லிப்ட் பழுதாகும் நாட்களில் வெளிநாட்டுப் பிரஜைகளை மாடிப்படியில் மூச்சிரைப்பை வைத்தே அடையாளம் காண முடிந்தது. இரட்டைப் பிரஜைக்கு இந்தத் தடை இருக்கவில்லை. முழங்கால் நோவுள்ளவர்கள் விண்ணப்பிப்பதற்கு அன்று இதுவும் ஒரு நியாயமாக இருந்தது.

கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கியவருக்குக் கிட்டத்தட்ட எல்லா உரிமையும் திரும்புகிறது, வாக்கும் உண்டு. பாராளுமன்றம் மட்டும் போக முடியாது. 2015 இல் 19 ஆம் திருத்தம் அந்தக் கதவை மூடியது, 2020 இல் 20 ஆம் திருத்தம் திறந்தது, 2022 இல் 21 ஆம் திருத்தம் மறுபடி மூடியது. சீகிரியாவுக்கு உள்நாட்டு விலையில் டிக்கெட் எடுக்கலாம், ஏறும் படி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும். சான்றிதழ் பெற்றபின் இத்தனை மாதம் நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை. திரும்பும் டிக்கெட்டைப் பெரும்பாலானோர் வரும்போதே எடுத்திருப்பதால், அதே கிழமை கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்கிறார்கள்.