பத்து அங்குல மெஷின், பன்னிரண்டு அங்குல மனசு

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், கரன்ட் எப்போது வரும், பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஊரே அலையும். கடைசல் சார் மட்டும் இஞ்ச் டேப்பும் கைரம்பமுமாகத் தெருவில் இறங்குவார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததைப் பேரிடர் என்போம் நாம். அவர் அகராதியில் அது வரத்து. விழுந்து கிடக்கும் பூவரசைப் பார்த்தால் நமக்குப் பீப்பீ ஊதிய ஞாபகம் வரும். அவரோ, “ஹவாய்த் தீவுல இந்த மரத்துலதான் கிண்ணம் செஞ்சு சாப்பிட்டாங்க, தெரியுமோ?” என்று அடிமரத்தைத் தடவிக்கொண்டு நிற்பார்.

வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். கார் ஷெட்டில் மர லேத் இருக்கும். கார் தெருவில் நிற்கும். மெஷின் சின்னதுதான். அரைக் குதிரைசக்தி மோட்டார், பத்து அங்குலக் கொள்ளளவு. அதாவது, சுழலும் அச்சுக்கும் கீழே உள்ள படுக்கைக்கும் இடைவெளி ஐந்து அங்குலம். எட்டு அங்குலக் கிண்ணம் என்றால் சமர்த்தாகக் கடைந்து கொடுக்கும். ஆனால் கடைசல் சாருக்கு எட்டு அங்குலம் என்பது சட்னிக் கிண்ணம். அவருக்குப் பன்னிரண்டு வேண்டும்.

தலைப்பகுதியைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் படுக்கை குறுக்கே வராது என்று கண்டுபிடிக்கும் நாளில்தான் விபரீதம் ஆரம்பம். ஈர மரத்துண்டின் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. சுவிட்சைப் போட்டதும் மெஷின் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கும். அதைக் கட்டிப்போட மூன்று மூட்டை எம்-சாண்ட் வரும். “மாடி கட்டறீங்களா சார்?” என்று தெருவே விசாரிக்கும்.

பன்னிரண்டு அங்குலத் துண்டுக்கு நிமிடத்துக்கு 500-இலிருந்து 750 சுற்று என்பதுதான் கணக்கு. ஆயிரத்துக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதைக் கேட்காதவர்களுக்கும் விளக்குவார். “விளிம்பு மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது சார்!”

எதிர்வீட்டுக்காரர் யோசித்துவிட்டுக் கேட்பார்: “எங்க போய்ச் சேருது?”

முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் மூக்குக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு உளியைப் பிடித்தால் சார் வேறு ஆள். ஈரச் சிராய் நாடா நாடாவாகச் சுருண்டு பறந்து கொடியில் காயும் புடவையில் போய் ஒட்டும். உளி ஒருமுறை கொத்திக்கொண்டால் ‘டமார்’ என்று சத்தம் வரும்; பெல்ட் வழுக்கும்; அரைக் குதிரை படுத்துவிடும். உள்ளேயிருந்து, “என்னங்க, இருக்கீங்களா?” என்று குரல் வரும். “இருக்கு, இருக்கு” என்பார், கிண்ணத்தைப் பற்றி.

ஈர மரத்தை ஒரே மூச்சில் முடித்துவிடவும் முடியாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சுவரை விட்டுக் கடைந்து, காகிதத்தில் சுற்றி, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். உலர உலர வட்டம் நீள்வட்டமாகக் கோணும். அப்புறம் மறுபடி ஏற்றி வட்டமாக்க வேண்டும். அதுவரை அரைக் கிண்ணங்கள் பரணில், பீரோ மேல், கட்டிலுக்கடியில் குடியிருக்கும். வாராவாரம் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை டைரியில் குறிப்பார். எடை இறங்குவது நின்றால் உலர்ந்தது என்று பொருள். சொந்த சர்க்கரை அளவை அவர் இப்படிக் குறித்துவைத்ததில்லை.

ஒருமுறை அம்பாசமுத்திரம் போனார். செப்புச் சாமான் கடைபவர்கள், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருக்கி வண்ணம் ஏற்றுவதை வாய் பிளந்து பார்த்தார். பிறகு பெருமையாகத் தன் கிண்ணத்தை நீட்டினார். பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ஒரு கட்டைல எத்தன செப்பு வரும் தெரியுமா சார்? ஏன் ஒத்தச் சட்டியா வீணாக்குதிய?”

வரும் வழியெல்லாம் சார் பேசவில்லை.

ஆளிவிதை எண்ணெய் பூசி, தேன்மெழுகு தேய்த்து, பளபளவென்று கிண்ணம் வீட்டுக்குள் வரும். கூடவே சட்டதிட்டமும் வரும்: தண்ணீரில் ஊறக்கூடாது, வெயில் படக்கூடாது, சூடான குழம்பு கூடாது, கம்பி நார் கூடவே கூடாது.

“மனுஷங்க கை படலாமா?” என்பார் வீட்டம்மா.

எனவே கிண்ணம் கல்யாணப் பரிசாகும். கொடுத்த வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதில் ஸ்கூட்டர் சாவி, ரப்பர் பேண்ட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கும். சார் அவற்றை ஓரமாக எடுத்துவைத்து, அடிப்பாகத்தின் வழவழப்பை விரலால் சோதித்துவிட்டு, மறுபடி உள்ளே போட்டுவிடுவார்.

இத்தனை வருஷத்தில் வீட்டம்மா கேட்டது ஒரே ஒரு பூரிக்கட்டை. அரை மணி வேலை. “அதெல்லாம் கட்டில்கால் கடையறவங்க வேலைம்மா” என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் புருஷனைத் தெரியும். மெஷினில் 18 அங்குல நீளம்தான் பிடிக்கும் என்று ஆசாரியிடம் விசாரித்துக்கொண்டு, ஒருநாள் காபி கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: “எனக்கு 20 அங்குலத்துல வேணும். உங்க மெஷின்ல முடியாதாமே?”

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினார் சார்.

படுக்கையை நீட்டிக்கும் உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. அதை வைக்கச் சமையலறைச் சுவரைக் கொஞ்சம் இடிக்க வேண்டியிருக்கும் என்கிறார்.