ஆல்பத்துக்கு ஒரு மொய் நோட்டு

சொந்தமாக ஆல்பம் போடும் இசைக்குழுக்கள் விலை வைக்கத் தெரியாமல் திண்டாடுகின்றன. 2007இல் ரேடியோஹெட் குழு ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை இணையத்தில் ஏற்றி, இஷ்டப்பட்டதைக் கொடுங்கள் என்றது. உலகம் வியந்தது. ஆலங்குடி வட்டம் வியக்கவில்லை. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி வந்தால், கறிச்சோறு போட்டு இஷ்டப்பட்ட மொய்யை வாங்கிக்கொள்ளும் மொய் விருந்து நடக்கிற சங்கதிதானே! பாவம், வெள்ளைக்காரர்களுக்கு நோட்டுப் போட்டு எழுதத் தெரியவில்லை. பெயர், ஊர், தொகை எழுதாமல் அது என்ன வியாபாரம்?

ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்குப் பைசா கிடையாது. மொய் விருந்தில் ஒருமுறைகூட ஓட வேண்டாம். கறிச்சோறு ருசித்தால் போதும். ஆகவே கலைஞர்களே, கிட்டாரை அப்புறம் பார்க்கலாம். ஃபிளெக்ஸ் அடியுங்கள், பந்தல் போடுங்கள், கிடாய் பிடியுங்கள், பணம் எண்ணும் இயந்திரத்துக்குச் சொல்லிவையுங்கள். மொய் எழுத டிரம்மரை உட்காரவையுங்கள். குழுவில் கணக்குத் தப்பாதவர் அவர்தான்.

ஒரே நிபந்தனை, வாங்கியதைக் கூடப்போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கென்ன, மொய் செய்தவர்களும் ஆளுக்கொரு ஆல்பம் போட்டுவிட்டுப் பத்திரிகை நீட்டுவார்கள். பூ வியாபாரி ராப் பாடுவார், தேங்காய் வியாபாரி ஜாஸ் வாசிப்பார். வட்டம் முழுக்க இசை வழியும். அசல் குழு மட்டும், மொய்க்கடன் தீர்க்கச் சிங்கப்பூரில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.